பாலத்துக்கு இந்தப் பக்கம்

ரொறொன்ரோ
29 செப்ரெம்பர் 1985

அன்புள்ள பேர்ணடெற்,

சுகம் விசாரிக்கிற வரிகளை நீ எப்போதும் தாண்டித்தான் வாசிப்பாய். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். டிசெம்பரில் நத்தாருக்கு முன்னம் நீ இங்கே வந்துவிடு. இதோடு மூன்றாம் முறை எழுதிவிட்டேன்.

நான் இன்னும் நீக்கிலாப்பிள்ளை அண்ணை வீட்டு பேஸ்மென்ற்றில்தான் இருக்கிறேன். வேலையும் அதே கார் தரிப்பிடம்தான். நகரத்தின் நடுவில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூடு. உள்ளே நானும் ஒரு கதிரையும் ஒரு ஹீற்றரும். சனிக்கிழமைகளில் கந்தோர்கள் பூட்டு, கார் வருவது குறைவு. பெரிய கட்டடங்களின் நிழல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில வேளை நான் முழித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரிவதில்லை.

அண்ணையின் பழைய சோர்ட்வேவ் றேடியோவைக் கூட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நாட்டுச் செய்தி ஏதும் வருமா என்றுதான். நேற்று மத்தியானம் செய்திக்குப் பிறகு உங்கள் ஆங்கிலேயரின் உதைபந்தாட்ட முடிவுகளை வாசித்தார்கள். நிறுத்தத்தான் கை போனது. அதற்குள் நாலாம் டிவிசன் வந்துவிட்டது. வெல்தோர்ப் டவுன் இரண்டு, மற்றவர்களும் இரண்டு. நீ அந்த நேரம் நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்திருப்பாய். அதற்காக எனக்கு உந்த விளையாட்டில் ஆசை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

போன நவம்பரில் பாலத்தடி பஸ் தரிப்பில் எனக்கு விழுந்த அடியைப் பற்றி இனி வாதாட வேண்டாம். நீ பின்னித் தந்த வெல்தோர்ப் நிற ஸ்காஃபைக் கண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிரிம்ஸ்லிக்காரர் அடித்தார்கள் என்று நீ சொல்கிறாய். தோலைக் கண்டு அடித்தார்கள் என்று நான் சொல்கிறேன். எப்படிப் பார்த்தாலும் உடைந்தது என் விலா எலும்பு. அந்த ஊரில் இனி என்னால் ஒரு பஸ்ஸுக்குக் காத்து நிற்க முடியாது. நீயோ அந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறாய். இப்படியே எவ்வளவு காலம் போகும், சொல்லு.

அன்புராசா


வெல்தோர்ப்
13 ஒக்ரோபர் 1985

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்றாம் முறை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறையும் 'வந்துவிடு' என்றுதான் எழுதினீர்கள். 'வருகிறாயா' என்று ஒரு தரமாவது கேட்டீர்களா? டிக்கெட்டை எடுத்து அடுப்படி மேசையில் வைத்துவிட்டுத்தான் கனடாவுக்குப் போகப்போவதாக எனக்குச் சொன்னீர்கள். அதை நான் மறந்துபோவேன் என்று நினைக்க வேண்டாம்.

கொழும்பில் அண்ணா வீடு எரிந்த எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு என்னுடைய ஊர் என்று சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாட்டில் கிழவிகள் என்னை 'எங்கட நேர்ஸ்' என்கிறார்கள். பின்மதிலுக்கு அங்காலை மைதானம். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஊரே ஒரு மூச்சு இழுத்து விடுகிற சத்தம் எங்கள் குசினிக்குள் கேட்கும். முதல் வருஷம் அது என்ன சத்தம் என்று பார்க்கத்தான் போனேன். அங்கே வருஷக்கணக்காக நிற்கிற மிசிஸ் ஹார்க்கர் தள்ளி நின்று பக்கத்தில் இடம் தந்தா. இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

அவவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சிரிப்பீர்கள். அவ வீட்டில் தக்காளிச் சோஸ் இல்லை. சிவப்பு கிரிம்ஸ்லியின் நிறமாம். ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மண்ணிறச் சோஸ்தான் சாப்பிட வேண்டுமாம். அவவின் தங்கச்சியைப் பற்றிக் கேட்டால், 'அவள் போய்விட்டாள்' என்று முகத்தைத் திருப்புவா. பாவம் என்று அந்த ஆத்துமாவுக்கு நான் ஒரு பூசையும் கொடுத்தேன். போன கிழமை அந்தத் தங்கச்சி கேக் ஒன்றோடு வந்து இறங்கினா. கிரிம்ஸ்லிக்காரனைக் கட்டிக்கொண்டு பாலத்துக்கு அங்காலை போயிருக்கிறா, அவ்வளவுதான்.

இது எங்களுக்குப் புதினமா அத்தான்? நீங்கள் பேசாலை ஊர், நான் வங்காலை ஊர். பெருநாள் முடிந்து இரண்டு கோயில் பெடியளும் விளையாடினால் எத்தனை மண்டை உடையும். ஆனால் ஒரு முறை இருக்கிறது. ஒருவன் எந்த நிறம் போட்டிருக்கிறானோ அவன் அந்தக் கோயிலுக்குச் சொந்தம். அன்றைக்கு நீங்கள் எங்கள் மஞ்சள் நீலம் போட்டிருந்தீர்கள். வெல்தோர்ப் ஆள் என்றுதான் உங்களுக்கு அடி விழுந்தது. வலித்தது உங்களுக்கு, அது எனக்குத் தெரியும், நான்தானே கட்டுப் போட்டேன். ஆனாலும் அது எங்களை இந்த ஊரோடு சேர்த்த அடி. அதற்குப் பயந்து ஓடலாமா?

நான் வரவில்லை. நீங்கள் திரும்பி வாருங்கள்.

பேர்ணடெற்


ரொறொன்ரோ
24 நவம்பர் 1985

அன்புள்ள பேர்ணடெற்,

உயிரோடிருக்கிற மனுஷிக்குப் பூசை கொடுத்த கதையை நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். மனிசன் தேத்தண்ணீர் புரைக்கேறச் சிரித்தார். பிறகு, 'தம்பி, இப்பிடி எழுதிற மனுசியை அங்க விட்டிட்டு இஞ்ச என்ன செய்யிறாய்' என்று கேட்டார்.

நேற்று இந்த வருஷத்துப் பனி விழத் தொடங்கியது. பக்கத்து மண்டபத்தில் ஏதோ கண்காட்சி. கூட்டுக்குள் இருந்து பார்க்கிறேன், சனங்கள் கார்களை விட்டு இறங்கி, கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு, எல்லாரும் ஒரு பக்கமாகவே நடக்கிறார்கள். யாரும் கதைக்கிற சத்தம் கண்ணாடிக்குள் வராது. அப்படியே வெல்தோர்ப் தெருவில் மூன்று மணி ஆகப்போவதுபோல் இருந்தது. ஒருத்தி மஞ்சள் தொப்பி போட்டிருந்தாள். எழும்பிக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் உன்னைவிட ஒரு அடி உயரம்.

வருகிற சனிக்கிழமை கிரிம்ஸ்லி உங்கள் மைதானத்துக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். நீ போகாதே. இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் போகாதே. உனக்கு ஏதும் நடந்தால் அது எனக்கு றேடியோவில் வராது. ஒருவர் எத்தனை, மற்றவர் எத்தனை என்று மட்டும்தான் அவன் வாசிப்பான்.

அன்புராசா


வெல்தோர்ப்
1 டிசெம்பர் 1985

அன்புள்ள அத்தானுக்கு,

போனேன். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் இது தெரிந்திருக்காது. காலையிலிருந்தே ஆற்றுக்குள்ளிருந்து பனிப்புகார் ஏறி வந்தது. ஆட்டம் தொடங்கும்போது நடுக்கோடு வரைதான் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. விளையாடுகிறவர்கள் வெள்ளைக்குள்ளிருந்து வருவார்கள், ஓடுவார்கள், கரைந்து போவார்கள். பந்து உதைபடுகிற சத்தம் மட்டும் வரும். அங்காலை கிரிம்ஸ்லிச் சனம் பாடியது, ஆட்களைக் காணவில்லை. இரண்டு ஊரும் ஒன்றையொன்று காணாமல் ஏசிக்கொண்டிருந்தன. ஒரு நேரம் எல்லாருமே வாயை மூடிவிட்டார்கள். அந்த அமைதியில் எனக்கு இறந்துபோன அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறா போல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் போய்விடுவா என்று.

பிறகு தூரத்து முனையில் ஒரு சத்தம். கோல். அடித்தது யார் என்று எங்கள் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கோல் காப்பாளனைப் பார்த்து, 'யாருக்கடா கோல்' என்று கேட்டோம். அவனும் கையை விரித்தான். கோல் எங்களுடையது என்ற செய்தி மைதானத்தைச் சுற்றி வாய்க்கு வாய் வந்து எங்களை அடைந்தபோது மிசிஸ் ஹார்க்கர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நானும் அழுதேன். இந்த இடத்தை விட்டு எப்படி அத்தான் வருவது?

கோடைக்குள் திரும்பி வாருங்கள். வேலை தேடலாம், வேறு தெருவில் வீடு பார்க்கலாம். பாலத்துப் பக்கமே போகத் தேவையில்லை.

பேர்ணடெற்


ரொறொன்ரோ
16 மார்ச் 1986

பேர்ணடெற்,

மில்லிக்கனில் ஒரு வீடு எடுத்திருக்கிறேன். வடக்கே, ஸ்ரீல்ஸ் தெருவுக்குக் கிட்ட. இப்போதுதான் கட்டி முடித்த வீடுகள், மரம் ஒன்றும் இல்லை, காற்று நேரே வந்து அடிக்கும். மேலறை யன்னலால் பார்த்தால் வெறும் வயல், அதில் பனி. விடிய எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நீ பார்த்தால் என்ன சொல்வாய் என்று யோசிப்பேன். ஒரு கதிரைதான் வாங்கினேன். மற்றது நீ வந்தபிறகு என்று விட்டேன்.

பூசை முடிந்து வெளியில் வந்தால் எல்லாரும் கேட்கிறார்கள், மனுசி எப்ப வாறா என்று. உனக்கு நேர்ஸிங் சோதினை இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வருஷமாக அந்தச் சோதினை முடியவில்லை. அவர்களும் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அதுதான் கூடக் கஷ்டமாக இருக்கிறது.

இனி வா என்று எழுதமாட்டேன். கோடை முடிய நீ வரவில்லை என்றால், நீ அங்கே, நான் இங்கே என்று எடுத்துக்கொள்கிறேன். என்னை விட உனக்கு ஒரு நாலாம் டிவிசன் கிளப் பெரிதென்றால் நான் என்ன செய்வது.

அன்புராசா


வெல்தோர்ப்
18 நவம்பர் 1986

அன்புள்ள அத்தானுக்கு,

எட்டு மாதம் எழுதவில்லை. எழுதினால் ஏசித்தான் எழுதியிருப்பேன். கடைசி வரி அப்படி எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு ஏச வரவில்லை.

சனிக்கிழமை கிரிம்ஸ்லியில் ஆட்டம், எனக்கு வாட்டில் வேலை. பின்னேரம் ஒரு பெடியனைக் கொண்டுவந்தார்கள். திரும்பி வரும்போது மதிலால் விழுந்து கை முறிந்தது. எங்கள் ஊர்ப் பெடியன். மஞ்சள் நீலச் சட்டை. மைதானத்தில் கண்டிருக்கிறேன், அவனும் என்னைக் கண்டிருக்கிறான். 'நீங்கள் எங்கட ஆள், சிஸ்ரர்' என்றான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி ஒருத்தன் பார்க்க வந்தான். நான் அவன் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பழைய சண்டைக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னம் ஆட்டம் முடிந்து வரும்போது பாலத்தடியில் ஒருத்தன் நின்றானாம். எங்களைப் பார்த்துச் சொல்வார்களே ஒரு சொல், பெடியன் அவனை அந்தச் சொல்லால்தான் சொன்னான். நான் பக்கத்தில் நிற்கிறேன், என்னை அதில் சேர்க்கவில்லை போல. அவன் தங்கள் ஸ்காஃபைப் போட்டுக்கொண்டு நின்றானாம். எங்கட நிறத்தைப் போட உவனுக்கு என்ன துணிவு என்றுதான் அடி கொடுத்தார்களாம்.

எப்படி ஸ்காஃப் என்று கேட்டேன். கடையில் வாங்கியது இல்லை, கையால் பின்னியது, மஞ்சள் கூடிப் போனது என்றான். மஞ்சள் நூல் மிஞ்சிக் கிடந்தது என்று நான்தான் கூட்டிப் பின்னினேன்.

கட்டை அவிழ்க்கவில்லை, இறுக்கவும் இல்லை. ஒழுங்காகக் கட்டி முடித்தேன். பிறகு துணி வைக்கிற அறைக்குள் போய் நின்றேன்.

எங்கள் கோயில் முறையை வைத்து இந்த ஊரை அளந்தேன் அத்தான். நிறம் போட்டால் ஆள் என்று நினைத்தேன். நீங்கள் அவர்களின் முகத்துக்கு நேரே நின்றீர்கள். அவர்கள் என்ன நிறம் போட்டிருந்தார்கள் என்று நீங்கள் காணாமல் இருந்திருக்க முடியாது. உண்மையைச் சொல்லுங்கள். கண்டனீங்களோ?

பேர்ணடெற்


ரொறொன்ரோ
30 நவம்பர் 1986

அன்புள்ள பேர்ணடெற்,

ஓம். கண்டனான்.

பஸ்ஸுக்கு நின்றேன். எங்கள் நிறத்தில் ஆட்கள் வருவதைக் கண்டு எனக்குச் சந்தோஷம், அதுதான் உண்மை. அண்டைக்கு வெல்தோர்ப் வென்றது. நான் அவர்களைப் பார்த்துச் சிரித்து, 'நல்ல ஆட்டம்' என்றேன். மிச்சம் உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது நீ யூனிபோமோடு பக்கத்தில் நின்றாய். நான் வாய் திறக்க முன்னம் நீ சொன்னாய், 'உந்தக் கிரிம்ஸ்லியார், எங்கட ஊர் ஆளில கை வைச்சிட்டாங்கள்' என்று. எங்கட ஊர் என்றாய். அண்ணா வீடு எரிந்த நாள் தொடங்கி, ஒன்றரை வருஷமாக நீ அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை. வீட்டுக்குள் யாரோ போல நடந்து திரிந்தாய். அன்றைக்குத்தான் உன் முகத்தில் கோபம் வந்தது, உயிர் வந்தது. அதை நான் எப்படி உடைப்பேன்?

சொல்லவும் முடியவில்லை, அங்கே இருக்கவும் முடியவில்லை. சனிக்கிழமை நீ அந்த நிறத்தைப் போட்டுக்கொண்டு புறப்படும்போது யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். தோலைக் கண்டு அடித்தார்கள் என்று பாதியைச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. அதனால்தான் டிக்கெட்டை எடுத்துவிட்டுச் சொன்னேன். உன்னைக் கேட்டிருந்தால், ஏன் என்று நீ கேட்டிருப்பாய்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இனி வந்துவிடுவாய் என்று எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. உன் சனிக்கிழமையை யாரோ பறித்துக்கொண்டு போனது போல்தான் இருக்கிறது.

அன்புராசா


வெல்தோர்ப்
11 ஜனவரி 1987

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கனநாள் இருந்தேன். இரண்டு வருஷம் அதைத் தனியச் சுமந்திருக்கிறீர்கள், நான் உங்களைப் பயந்தவர் என்று ஏசியிருக்கிறேன். உங்களில் கோபமும் இருக்கிறது. எனக்காக நீங்களே முடிவெடுத்துக்கொண்டு போனீர்களே. இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது.

இனி மைதானத்துக்குப் போக மாட்டேன் என்றுதான் நினைத்தேன். நேற்று மூன்று மணிக்கு அந்த மூச்சுச் சத்தம் குசினிக்குள் வந்தது. எழும்பிப் போனேன். மழைத்தூறல், விளக்குகளைச் சுற்றி மஞ்சளாய் ஒரு வட்டம். அந்தப் பெடியன் பிளாஸ்ரர் கையோடு நின்றான். என்னைக் கண்டு மற்றக் கையை உயர்த்தினான். நான் உயர்த்தவில்லை. அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை, ஒரு நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

மிசிஸ் ஹார்க்கருக்கு அந்த இடத்திலேயே சொன்னேன், உங்களை அடித்தது அவன்தான், எங்கள் ஆட்கள்தான் என்று. அவ ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு என் கையைப் பிடித்து, தன் கோட் பொக்கற்றுக்குள் தன் கையோடு சேர்த்து வைத்தா. அப்போது எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. எல்லாரும் துள்ளினார்கள். நானும் துள்ளினேன் அத்தான். நினைத்துத் துள்ளவில்லை, கால் தானாகப் போனது.

அதுதான் என்னை உலைக்கிறது. அவனும் துள்ளினான், நானும் துள்ளினேன், ஒரே கோலுக்கு. இந்த ஊரை வெறுக்க எனக்கு வரவில்லை. அதற்காக நடந்ததை மன்னித்துவிட்டேன் என்றும் இல்லை. துரத்திக் கலைக்கப்பட்டவளாக இங்கிருந்து வெளிக்கிட மனமில்லை. நீங்கள் இல்லாமல் இருக்கவும் இனி ஏலாது. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய?

பேர்ணடெற்


ரொறொன்ரோ
25 ஜனவரி 1987

அன்புள்ள பேர்ணடெற்,

இந்த முறை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கேட்கப் போகிறேன்.

ஏப்ரலில் கிரிம்ஸ்லி உங்கள் மைதானத்துக்கு வருகிறது. நான் வரட்டுமா? உன்னைக் கூட்டிக்கொண்டு போக இல்லை. ஆட்டம் பார்க்க. நீ நிற்கிற இடத்தில் நிற்க. பயம்தான், பொய் சொல்லவில்லை. அந்தப் பெடியன் அங்கே நிற்பான், மற்றவர்களும் நிற்பார்கள். நிற்கட்டும். நீ தனிய நிற்கிறாய் என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருப்பது அதைவிடக் கஷ்டம்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம், எங்கே இருப்பது என்று. மில்லிக்கன் வீடு இருக்கும், அது எங்கேயும் போகாது. வெல்தோர்ப்பிலேயே இரு என்று நீ சொன்னால் அதையும் கேட்பேன், தலையாட்டுவேன் என்று மட்டும் இப்போதே வாக்குத் தர முடியாது.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. நீ எழுதிய பிறகுதான் எடுப்பேன்.

அன்புராசா


வெல்தோர்ப்
8 பெப்ரவரி 1987

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று இடைவேளையில் மிசிஸ் ஹார்க்கருக்குச் சொன்னேன், இவர் ஏப்ரலில் வாறார் என்று. அவ தயங்கித் தயங்கிக் கேட்டா, இவ்வளவு நடந்த பிறகும் உன் மனுசன் எங்களோடு நிற்பாரா என்று.

உங்களோடு நிற்பாரோ தெரியாது, என்னோடு நிற்பார் என்று சொன்னேன்.

அவ சரி என்று தலையாட்டிவிட்டு, காலை அகட்டி ஒரு அடி தள்ளி நின்று பார்த்தா, இன்னொரு ஆளுக்கு இடம் போதுமா என்று. போதும்.

எடுங்கோ டிக்கெட்டை. ஏப்ரலிலும் இங்கே குளிர்தான், நல்லாய் உடுத்திக்கொண்டு வாருங்கோ.

பேர்ணடெற்